தண்ணீர் ஏறிய வீட்டிலிருந்து

ஜனவரி 5, 2025, ஞாயிறு (மார்கழி 21)

காலடிப்பேட்டையில் முதல் மாடி வீடு முடிவாகிவிட்டது. மார்கழியில் குடி போகக் கூடாது, தை பிறக்கட்டும் என்று அத்தை சொல்லிவிட்டார்கள். நல்லதுதான்; மூட்டை கட்ட நாள் கிடைத்தது. இதே சாத்தாங்காட்டு வீட்டில் 2023 டிசம்பரில் அந்த அவகாசம் இல்லை. மிக்ஜாம் புயல் மழையில், 4ஆம் தேதி, எண்ணெய் கலந்த வெள்ளம் வாசலைத் தாண்டி முழங்கால் வரை ஏறியது. அந்த எண்ணெய்தான் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் போய் எண்ணூர் முகத்துவாரத்து மீனவர்களின் படகையும் வலையையும் கறுப்பாக்கியது.

அன்று கை எதை முதலில் பரணுக்குத் தூக்கியதோ, அதுவே இன்று என் பட்டியலின் தலையில்: அத்தையின் சர்க்கரை மாத்திரை, சான்றிதழ் பை, ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், மகளின் பாடப்புத்தகம். அன்று இருட்டில் தேடித் தவித்தவை அடுத்த வரியில்: டார்ச், தீப்பெட்டி, அத்தையின் மூக்குக்கண்ணாடி, சார்ஜர். இந்த இரண்டு வரிச் சாமானும் ஒரே பையில். அந்தப் பை வண்டியில் ஏறாது, என் தோளில் வரும்.

ஜனவரி 8, புதன்

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. சென்னையில் பத்து மாத வாடகையைக் கேட்பது பழகிப்போன வழக்கம். ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதைச் சொல்லிப் பேசியதில் ஐந்து மாதத்துக்கு இறங்கினார்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் சம்மதித்தார்கள். பணம் கைமாறும் முன் கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டேன்: “மிக்ஜாம்ல இங்க எவ்ளோ தண்ணிம்மா?” “தெருவுல கணுக்கால் வரிக்கும். படி ஏறல” என்றார். எனக்கு வாடகையைவிட அந்தப் பதில் முக்கியம்.

ஜனவரி 13, திங்கள் (போகி)

பழையன கழிய இதைவிட நல்ல நாள் ஏது? எண்ணெய் ஏறிய மெத்தையை இத்தனை நாள் வெயிலில் போட்டுப் போட்டு வைத்திருந்தோம். மழை ஈரம் பட்டால் அந்த வாடை திரும்ப எழும். இன்று அதை மாநகராட்சிக் குப்பை வண்டியில் ஏற்றினோம். கொளுத்த வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பக்கத்து மணலி ஆலைகளால் காற்றில் இருக்கிற புகை போதும். மர பீரோவின் கால்கள் ஊறிப் பிளந்திருக்கின்றன. அதையும் கழித்துவிட்டோம்.

பீரோவை நகர்த்தியதும் பின்சுவரில் கோடு தெரிந்தது. இரண்டு முறை வெள்ளை அடித்த பிறகும் பழுப்பாகக் கசிந்து வெளியே வந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், பிசுபிசுத்தது.

ஜனவரி 19, ஞாயிறு

என் கணவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க சிஎம்டிஏ அங்கிருந்த இரும்பு வியாபாரத்துக்காக உருவாக்கிய மார்க்கெட் இது. ஒரு கடைத்தெருவே இடம் மாறி வந்து உட்கார்ந்த ஊர். அதனால் சாமான் கட்டும் விஷயத்தில் அவர் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன். “கனம் கீழ, கேபின ஒட்டி. லேசு மேல. நீட்டமானது ஓரமா. நடுவுல சந்து இருக்கக் கூடாது, ஆடுனா ஒடையும்.” டாடா ஏஸ், ஊர் வாயில் குட்டி யானை, முக்கால் டன் தாங்கும். பாரம் பெரிய விஷயமில்லை, இடம்தான் போதாது என்கிறார்.

மளிகைக் கடையில் பிஸ்கட் அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்தார். பெட்டியின் மேலே எழுதினால் அடுக்கியதும் மறைந்துவிடும். பக்கவாட்டில் எழுதச் சொன்னார். மகள் மார்க்கரில் எழுதினாள்: எந்த அறை, என்ன சாமான், எப்போது பிரிக்க வேண்டும். ‘முதல் ராத்திரியே’, ‘ஒரு வாரத்தில்’, ‘அவசரமில்லை’.

ஜனவரி 26, ஞாயிறு

சமையலறை. எவர்சில்வர் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, இடையில் பழைய வேட்டித் துண்டு. பீங்கானைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்தினால் உடைவது குறைவு. கிரைண்டர் கல்லைத் தனியே எடுத்துக் கோணியில் சுற்றினேன். அத்தையின் கல்யாண அண்டாவில் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும். வெள்ளத்தில் அது மிதந்து தெருவரை போனது; எதிர்வீட்டுப் பையன் பெயரைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தான். அதற்குள் தலையணைகளைத் திணித்தோம்.

பிப்ரவரி 1, சனி

காலையிலேயே பிரிட்ஜை அணைத்துத் துடைத்துக் கதவைத் திறந்துவைத்தேன். நாளை நிமிர்த்தியபடியேதான் போக வேண்டும். இறக்கியதும் சில மணி நேரம் ஆறவிட்டுப் பிறகே சுவிட்ச் போட வேண்டும். டிவி ஒயர்களைக் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்தாள் மகள். கரண்ட் மீட்டரின் ரீடிங்கையும் படம் எடுத்துக்கொண்டோம், வீட்டு ஓனரோடு கணக்குத் தீர்க்க உதவும். பழைய துடைப்பம் இங்கேயே இருக்கட்டும் என்பது அத்தையின் உத்தரவு.

பிப்ரவரி 2, ஞாயிறு (தை 20, வளர்பிறை)

விடியுமுன் உப்பு, மஞ்சள், நிறைகுடம், விளக்கு, வடிவுடையம்மன் படத்தோடு போய்ப் பால் காய்ச்சினோம். அப்புறம்தான் வண்டி. ஞாயிறு காலையில் கண்டெய்னர் லாரி கம்மி என்று டிரைவர் சொன்னது சரியாக இருந்தது. ‘முதல் ராத்திரியே’ பெட்டிகள் கடைசியாக ஏறின, முதலில் இறங்கின. இருட்டுவதற்குள் அத்தைக்குப் படுக்கை, எல்லோருக்கும் ரசம் சாதம்.

பிப்ரவரி 5, புதன்

வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, ரேஷன் கார்டு, ஆதார் முகவரி, கேஸ் ஏஜென்சி மாற்றம். சென்னைக்குள்ளேயே என்பதால் சிலிண்டரைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

மீதிச் சாவியைக் கொடுக்கப் பழைய வீட்டுக்குப் போனேன். புதிதாக வெள்ளை அடித்திருந்தது. ஒரு கைக்குழந்தையோடு வீடு பார்க்க வந்த பெண்ணிடம், மழைக்குத் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். ஓனர் முகம் சுண்டியது. சுண்டட்டும். வாடகை, அட்வான்ஸ், கரண்ட் கணக்கு எல்லாம் பேசுகிறோம். தண்ணீர்க் கணக்கையும் பேசித்தான் வடசென்னையில் வீடு கைமாற வேண்டும். குடி போகிறவர் சொல்லாவிட்டால் குடி வருகிறவருக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.