சுத்துக்கேணியில் ஒரு வராக்கடன்

‘பாண்டிச்சேரி போகிறேன்’ என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரர் கண்ணடிப்பார். ‘சுத்துக்கேணி போகிறேன்’ என்றால் யாரும் கண்ணடிக்க மாட்டார்கள். அப்படி ஒரு ஊர் இருப்பதே பல பேருக்குத் தெரியாது.

வில்லியனூர் தாண்டி வடமேற்கே போக வேண்டும். சங்கராபரணி ஆற்றை ஒட்டிய கிராமம். ஊசுட்டேரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலுக்கு இந்த ஊர்ப் பெயர்தான். இந்தப் பக்கத்தில் தமிழ்நாடும் புதுச்சேரியும் பின்னிக் கிடக்கும். ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் எந்த மாநிலம் என்று கண்டக்டரைத்தான் கேட்க வேண்டும்!

டீக்கடைப் பெரியவர், “இங்க பார்க்க என்னா இருக்குது தம்பி? அந்தக் காலத்துல வெள்ளக்காரன் தோண்டிப் பார்த்தான்னு சொல்வாங்க. சுடுகாடுதான்” என்றார்.

அவர் சொன்னது சரிதான். கசால் என்ற பிரெஞ்சுத் தம்பதி அரிக்கமேட்டுப் பக்கத்தோடு இங்கேயும் தோண்டினார்கள். அவர்களுடைய அறிக்கை 1956-இல் பாரிஸில் அச்சானது. கிடைத்தவை சுமார் இரண்டாயிரம் வருஷம் முந்தைய ஈமக்குழிகள். தாழி, மண்பாண்டம், கூடவே தங்க நகை. நகையைப் போட்டுக்கொண்டவர் பெயர் தெரியாது. அவருக்கும் ஒரு பங்காளிச் சண்டை இருந்திருக்கும், ‘அவனைச் சும்மா விடமாட்டேன்’ என்று சொல்லியிருப்பார். நகை மிஞ்சியது. கோபம் எங்கே?

இதை நான் சும்மா யோசிக்கவில்லை. என் பையிலும் ஒரு கோபம் இருந்தது. ஒரு நிறுவனம் எட்டு மாசமாக எனக்குச் சேர வேண்டிய பணத்தைத் தரவில்லை. போன் செய்தால் ‘சார் மீட்டிங்’. அந்த சாரை மனசுக்குள் நான் அறையாத நாளில்லை. அவரோ நிம்மதியாகத் தூங்குகிறார். நான்தான் ராத்திரி இரண்டு மணிக்குக் கூரையைப் பார்க்கிறேன்.

இந்த வியாதிக்கு ஐந்தாம் நூற்றாண்டிலேயே மருந்து எழுதியவர் புத்தகோசர். காஞ்சிபுரத்தில் தங்கியவர், அநுராதபுரம் மகாவிகாரையில் இருந்து ‘விசுத்திமக்க’ எழுதினார். அதில் கோபத்தை இறக்க வரிசையாக வழி சொல்கிறார். அடுத்தவன் மேல் எறியக் கொள்ளிக்கட்டையைக் கையில் எடுத்தால் முதலில் வேகிறது யார் கை? அதற்கும் கோபம் இறங்கவில்லையா, அந்த ஆளைப் பிரித்துப் பார். தலைமுடி மேல் கோபமா, நகத்தின் மேலா, எலும்பின் மேலா? சுத்துக்கேணி மண்ணில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சீக்கிரமே வந்துவிடுகிறது.

எதுவுமே பலிக்கவில்லை என்றால் கடைசி வழி: அவனுக்கு ஏதாவது ஒன்றைக் கொடு! நம் கணக்கில் ஒரு டீ, ஒரு வடை. ஆபீஸில் முறைத்துக்கொண்டு திரிகிறவர்கள் சோதித்துப் பார்க்கலாம். அதிகபட்ச நஷ்டம் முப்பது ரூபாய்.

‘அப்போ பணத்தை விட்டுடறதா?’ என்பீர்கள். நான் பி.காம்.; அப்படி விடுவேனா? வசூலாகாத கடனை வராக்கடன் என்று தள்ளி எழுதினாலும், கடன்காரனிடம் கேட்கிற உரிமை போய்விடாது. ஏடு சுத்தமாகிறது, அவ்வளவுதான். கோபத்தையும் அப்படித்தான் தள்ளி எழுத வேண்டும். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் அந்த நிறுவனத்துக்கு மறுபடி ஒரு கடிதம் போட்டேன். நாலே வரி. ஒரு வசவுகூட இல்லை. பணம் இன்னும் வரவில்லை. தூக்கம் வந்துவிட்டது.