சாவு வீட்டுப் பாட்டு கல்யாணத்துக்கு ஆகுமா?

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வந்து சேர்ந்த உத்தியோகம் ஒன்று உண்டு. கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்ததுமே, வீட்டுக்காரர்கள் பாமாலை, கீர்த்தனைப் புத்தகத்தோடு வந்துவிடுவார்கள். "டீச்சர், பாட்டு எடுத்துக் கொடுங்க." முப்பது வருஷம் குவயரில் ஆல்டோ பாடியதற்குக் கிடைத்த பரிசு.

வேலை சின்னதுதான். பெண் உள்ளே வரும்போது ஆர்கனில் ஒரு இசை. ஆராதனை தொடங்க ஒரு பாட்டு. தாலி கட்டி, ஜெபம் முடிந்ததும் ஒரு பாட்டு. பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது குவயர் பாட ஒன்று. வெளியே போகும்போது ஒரு மார்ச். நான் முக்கியமாகப் பார்ப்பது, சபை எழுந்து நின்று பாட வேண்டிய அந்த இரண்டு பாட்டும் சபைக்குத் தெரியுமா என்பதைத்தான். குவயர் பாட, வந்தவர்கள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றால் அது கச்சேரி. ஆராதனை இல்லை.

போன வருஷம் என் தங்கை மகள் கல்யாணத்தில் இந்தக் கணக்கு மட்டும் போதவில்லை.

தங்கை காலமாகி ஆறு வருஷம் ஆகிவிட்டது. பெண் என்னிடம் வந்து சொன்னாள்: "பெரியம்மா, தாலி கட்டினதும் அம்மா பாட்டுதான் பாடணும்." 23-ம் சங்கீதத்தைப் பாட்டாக்கியது அது. மாவாட்டும்போதும் துணி காயப்போடும்போதும் தங்கை வாயில் அதுதான் இருக்கும். சபைக்கும் மனப்பாடம். ஆனால் தங்கையின் அடக்க ஆராதனையிலும் அதையேதான் பாடினோம்.

விஷயம் தெரிந்ததும் என் தம்பி கோபப்பட்டான். "சாவு வீட்டுப் பாட்டைக் கல்யாணத்துல பாடுவாங்களா அக்கா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"

அவனுக்குப் பதில் சொல்வது எனக்குச் சிரமமாக இல்லை. பெண் உள்ளே வரும்போது உலகம் முழுக்க வாசிக்கிறார்களே ஒரு மெட்டு, அது வாக்னர் எழுதிய 'லோகென்கிரின்' என்ற இசைநாடகத்தில் வருவது. 1850-ல் முதலில் மேடையேறியது. அந்தக் கதையில் அந்தப் பாட்டு முடிந்த இரவிலேயே, கேட்கக் கூடாத கேள்வியைப் பெண் கேட்டுவிடுகிறாள். மாப்பிள்ளை பிரிந்து போகிறான், கடைசியில் பெண் இறந்துபோகிறாள். நம் ஊரில் யாராவது அதை அபசகுனம் என்றார்களா?

இன்னொன்றும் சொன்னேன். எலிசபெத் ராணியின் கல்யாணம் 1947 நவம்பர் 20-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்தது. அங்கே பாடியது இதே 23-ம் சங்கீதம், 'கிரிமண்ட்' என்ற மெட்டில். 2022 செப்டம்பர் 19-ல் அவருடைய அடக்க ஆராதனையும் அதே அபேயில்தான். அன்றும் அதே சங்கீதம், அதே மெட்டு.

"சங்கீதத்தையே எடுத்து வாசித்துப் பாரேன்" என்றேன். சாவின் பள்ளத்தாக்கு அதில் ஒரு வசனத்தில்தான் வருகிறது. மற்றபடி பச்சைப் புல், அமர்ந்த தண்ணீர், விருந்துப் பந்தி, தலையில் எண்ணெய், நிரம்பி வழிகிற பாத்திரம். கல்யாண வீட்டுக்கு இதில் எது ஆகாது?

தம்பி அடங்கிவிட்டான். ஆனால் மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா வாய் திறந்தார்கள். எண்பத்து மூன்று வயது.

"நான் அபசகுனம்னு சொல்லல. அந்தப் பாட்டைக் கேட்டா எனக்குப் பெட்டி தூக்கினதுதான் ஞாபகம் வருது."

இதற்கு வாக்னரும் எலிசபெத் ராணியும் என்ன பதில் சொல்ல முடியும்? பெற்ற மகளை மண்ணுக்குக் கொடுத்தவர்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

பெண்தான் எழுந்து போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு அம்மா தலை பின்னிவிட்டதுதான் ஞாபகம் வருது ஆச்சி. ஒரு சரணம் முடிய ஒரு சடை முடிஞ்சிரும்." வெகு நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அம்மா சொன்னார்கள்: "நீ பாடச் சொல்லு. ஆனா என்னைப் பாடச் சொல்லாதே."

ஆர்கன் வாசிக்கும் தம்பியிடம் நான் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். அடக்கத்தில் நாம் எந்தப் பாட்டையும் இழுத்து இழுத்துப் பாடுவோம். இதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாடுகிற வேகத்தில் வாசிக்க வேண்டும், சுருதியும் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்றேன். அப்படியே வாசித்தார். சபை முழுக்கப் பாடியது. மாப்பிள்ளை வீட்டாரும் பாடினார்கள், அவர்களுக்கும் தெரிந்த பாட்டுதானே. அம்மா சொன்னபடியே பாடவில்லை. "உட்காருங்கம்மா" என்று சொல்லியும் உட்காரவில்லை. கடைசிச் சரணம் முடிகிற வரை முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதிலிருந்து பாட்டு எடுக்க வருகிறவர்களிடம் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கிறேன். வீட்டிலேயே மூத்தவருக்குப் புத்தகம் இல்லாமல் தெரிந்த பாட்டு எது? அவரால் தாங்க முடியாத பாட்டு எது? இரண்டுக்கும் ஒரே பாட்டுதான் பதில் என்றால் உடனே தள்ளிவிட வேண்டாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் பட்டியலில் போட்டுவிடவும் கூடாது. கல்யாணத்துக்கு முந்தியே, வீட்டில் வைத்து அவரிடம் பேசிவிடுங்கள். கோயிலில் திடீரென்று கேட்டால் மனசு தாங்காது.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இப்படி ஒரு பாட்டு உண்டா? எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.