கைக்கெட்டாத நட்டு

டீசல் கார் ஒன்றின் முன்மூடியைத் திறந்து நோக்குவோர்க்கு டர்போ எளிதில் புலப்படாது. பல வண்டிகளில் அஃது எஞ்சினுக்கும் அதன் பின்னுள்ள தடுப்புச் சுவருக்கும் இடையே, கை நுழைதற்கும் அரிய இடுக்கில் அமைந்திருக்கும். எஞ்சின் வெளியிடும் வெம்புகை அதன் ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும். வீணே கழியும் புகையை இவ்வாறு வேலை வாங்கும் முறைக்கு ஆல்பிரெட் பூக்கி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறிஞர் 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். சிறிய கார்களில் அத்தண்டு நிமிடத்திற்கு 1,00,000 முறைக்கு மேலும் சுழல்கின்றது. அதனைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே. எண்ணெய் வரும் குழாய் அடைபடின், தண்டு தேய்ந்து, சக்கரம் சுவரில் உராய்ந்து, டர்போ கெட்டொழியும்.

கோவையில் நான் தொழில் பயின்ற பட்டறைக்கு அவ்வாறு கெட்ட வாடகைக் கார் ஒன்று வந்தது. வண்டிக் கடனின் தவணை நெருங்கியிருந்தமையால், அதன் ஓட்டுநர் பட்டறையை விட்டு அகலவில்லை. “இன்றைக்கே கழற்றிவிடலாம் அல்லவா, மேஸ்திரி?” என்று பன்முறை வினவினார். மேஸ்திரியோ, “இன்று இரவு எண்ணெய் ஊறட்டும், தம்பி, நாளை நாம் கை வைப்போம்,” என்று கூறி, துரு இளக்கும் எண்ணெயை ஆறிய நட்டுகளின் மேல் ஊற்றினார்.

அவர் தயங்கியதற்குக் காரணம் உண்டு. முழுச் சுமையில் டீசல் புகையின் வெப்பம் 700 பாகை செல்சியசை எட்டும். காய்ந்தும் ஆறியும் பல்லாண்டு கிடந்த நட்டு, துருவினால் ஸ்டட்டுடன் ஒன்றிப்போகும். வலிந்து திருகினால் நட்டு கழலாது, ஸ்டட்டே முறியும். முறிந்த துண்டைத் துளையிட்டு எடுக்கப் புகைக்குழாய்த் தொகுதி முழுவதையும் இறக்க வேண்டும். ஒருநாள் வேலை பலநாள் வேலையாகும். ஓட்டுநரின் தவணையும் தவறும்.

மறுநாள் மேல் நட்டுகள் இரண்டும் இளகின. மேஸ்திரி அவற்றைக் கழற்றிவிடாமல், டர்போவின் எடையைத் தாங்குமாறு விட்டுவைத்தார். மூன்றாவது நட்டு அடியில் இருந்தது. அதனைக் காண்பதற்குக் கண்ணாடித் துண்டு ஒன்றே துணை. கண்ணாடியில் திசை மாறித் தோன்றுமன்றோ! கழற்றும் திருப்பம் இறுக்கும் திருப்பமாகத் தெரியும். ஆகவே, கண்ணாடியால் இடமறிந்தபின் கண்ணை மூடிக்கொண்டு விரலையே நம்புமாறு அவர் எனக்குக் கற்பித்தார்.

நீண்ட தண்டும் வளையும் மூட்டும் பொருத்திய சாக்கெட்டு, குழாய் ஒன்று குறுக்கிட்டமையால் செல்லவில்லை. வாய் திறந்த ஸ்பானரே அங்கு உதவியது. அதன் தலை 15 பாகை சாய்ந்திருப்பதன் பயனை அன்றுதான் உணர்ந்தேன். அறுகோண நட்டை மறுமுறை பற்ற 60 பாகை திருப்ப வேண்டும். ஸ்பானரைப் புரட்டிப் புரட்டிப் போட்டாலோ 30 பாகை இடமே போதும். சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, எண்ணெய் விட்டு, மீண்டும் அசைத்தார். அரைமணி நேரம் கழிந்தது. இறுதியில் ‘கிறீச்’ என்ற ஒலியுடன் நட்டு நகர்ந்தது. எஞ்சினை வரைந்த பொறிஞர் ஒருமுறையேனும் அவ்விடுக்கில் கைவிட்டுப் பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது!

புதிய டர்போவை ஏற்றுமுன், எண்ணெய் இறங்கும் அடிக்குழாயை வெளியிலேயே அதனுடன் பொருத்திக்கொண்டோம். உள்ளே சென்றபின் அந்தப் போல்ட்டுகள் கைக்கு எட்டா. எண்ணெய் வரும் குழாயைப் புதியதாக மாற்றினோம். அதன் இணைப்பிலுள்ள செம்பு வாஷர்கள் நழுவி விழுந்தால் காந்தத்தால் எடுக்க இயலாது. எனவே சிறிது கிரீஸ் தடவி அவற்றை ஒட்டவைத்தோம். டர்போவின் எண்ணெய்த் துளையில் புதிய எண்ணெய் ஊற்றித் தண்டை விரலால் சுழற்றியபின்னரே குழாயை இறுக்கினோம்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மேஸ்திரி மீண்டும் கண்ணாடியை இடுக்கில் நுழைத்தார். செம்பு வாஷரின் விளிம்பு உலர்ந்தே இருந்தது. ஓட்டுநரையும் அழைத்து அதனைக் காட்டினார்.