கையொப்பமில்லாத கடிதங்கள்

குருப்பட்டம் பெற்ற புதிதில் நான் பணிபுரிந்த ஊரில், ஒரே மாதத்தில் இரண்டு மொட்டைக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, மாணவர் விடுதிக்கு வரும் அரிசி வெளியே விற்கப்படுவதாகக் கூறியது. விசாரித்தோம்; உண்மையாயிருந்தது. மற்றொன்று ஓர் ஆசிரியையின் நடத்தையைப் பற்றியது. அதன் நகல் பலருக்கும் போயிருந்தது. அத்தனையும் பொய் என்பது பின்னர்தான் தெளிவாயிற்று.

கணிப்பொறித் துறையிலிருக்கும் என் தமக்கை மகன், 'டோர்' என்னும் இணையக் கருவியைப் பற்றி அண்மையில் எனக்கு விளக்கியபோது, அவ்விரு கடிதங்களும் நினைவுக்கு வந்தன.

"வெங்காயந்தான் மாமா" என்றான். வாசகர் நகைக்க வேண்டாம். அதன் பெயரிலேயே வெங்காயம் உண்டு. நாம் அனுப்பும் செய்தி, ஒன்றினுள் ஒன்றாக மூன்று உறைகளில் பூட்டப்பட்டு, தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று கணிப்பொறிகளைக் கடந்து செல்கிறது. ஒவ்வொன்றும் ஓர் உறையை மட்டுமே உரிக்கும். முதலாவது, செய்தி எங்கிருந்து வந்தது என்பதை அறியும், சேருமிடத்தை அறியாது. கடைசியானது சேருமிடத்தை அறியும். புறப்பட்ட இடத்தை அறியாது. நடுவிலுள்ளதற்கு இரண்டுமே தெரியா. இம்முறை 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவானது. அரசின் ஆட்கள் மட்டுமே இதைப் பயன்படுத்தினால், பயன்படுத்துவோர் யாவர் என்பது உடனே விளங்கிவிடுமே! திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் மறைவதுபோல் மறைய வேண்டுமானால், முதலில் கூட்டம் வேண்டும். எனவே அது பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

கூட்டத்தில் எல்லாரும் வந்தார்கள். தணிக்கை நிலவும் நாடுகளின் மக்களும் செய்தி படிக்கட்டும் என்று, 2019-இல் பி.பி.சி. நிறுவனம் இவ்வழியே தன் தளத்தைத் திறந்தது. இதே வழியில்தான் 2011-இல் 'சில்க் ரோடு' என்ற போதைப்பொருள் சந்தையும் முளைத்தது. 2013-இல் அது மூடப்பட்டு, அதை நடத்தியவர் சான்பிரான்சிஸ்கோ நகர நூலகம் ஒன்றில் பிடிபட்டார். தொடக்க நாள்களில் தம் சொந்தப் பெயர் கொண்ட மின்னஞ்சல் முகவரியை அவர் ஓரிடத்தில் எழுதியிருந்தது துப்புகளுள் ஒன்று. எத்தனை உறை போட்டு என்ன, உள்ளே நாமே பெயரை எழுதிவிட்டால்!

"இதைத் தடை செய்துவிடலாம் என்பீர்களா?" என்று அவன் கேட்டான். ஆம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அரிசிக் கடிதத்தை எழுதியவர் விடுதியின் சமையற்காரப் பெண் என்பது சில ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது. கையொப்பமிட்டிருந்தால், அன்றைக்கே அவர் பிழைப்பு போயிருக்கும்.

மற்றதை எழுதியவர் யாரென்று இன்றளவும் தெரியாது. ஆனால் அதைப் படித்த பின், அந்த ஆசிரியையை நேரில் கண்டு ஒரு வார்த்தை கேட்க எனக்குப் பத்து நாள் பிடித்தது. நான் போனபோது வீடு பூட்டியிருந்தது.