வேலியும் வாசலும்: அண்டை வீட்டாரின் உரிமையோடு ஒரு மரவேலை



வீட்டுக்கு வேலி அமைப்பது கொல்லைப்புறத்து வேலை, அதில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் மண்ணில் ஒரு கம்பத்தை நடும்போதே அங்கே மூன்று கேள்விகள் எழுந்துவிடுகின்றன. இந்த மண் யாருடையது? இதனால் யாருக்கு இடையூறு? இதனால் யாருக்குப் பாதுகாப்பு? இம்மூன்றுக்கும் நமது மார்க்கத்தில் தெளிவான வழிகாட்டுதல் உண்டு. ஆரணியில் நமது வீட்டுக்கு மரவேலி அமைத்த அனுபவத்தை அந்த வழிகாட்டுதலோடு சேர்த்து இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

ஏன் மதில் அல்ல?

நமது வீட்டு முற்றத்தில்தான் மாலை நேர மக்தப் நடக்கிறது. அலிஃப், பா ஓதும் வயதுப் பிள்ளைகள் பாடம் முடிந்ததும் சாலைக்கு ஓடுகிறார்கள். நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் அரிசி ஆலைகளை நோக்கிச் செல்லும் சாலை அது. வீட்டுப் பெண்களுக்கும் மறைவு தேவைப்பட்டது. ஆகவே ஆறடி உயரத்துக்குச் செங்கல் மதில் எழுப்பிவிடலாம் என்று குடும்பத்தில் பலரும் கூறினர்.

தடையாக நின்றது ஒரு சன்னல். பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் ஐம்பது ஆண்டுகளாகப் பட்டுத் தறி நெய்கிறார். அவருடைய குழித்தறிக்கு வெளிச்சம் தரும் ஒரே சன்னல் நமது பக்கம் பார்த்திருக்கிறது. மயிரிழை போன்ற பட்டு நூலில் ஓர் இழை அறுந்தால் அதைக் கண்ணால் கண்டுதான் முடிய வேண்டும். அங்கே மதில் எழும்பினால் அவர் பகலிலும் விளக்கின் கீழ்தான் நெய்ய வேண்டும். அவரிடம் கலந்துபேசச் சென்றபோது அவர் முறையிடவில்லை. "ஒங்க எடம் பாய், நீங்க கட்டிக்குங்க. சன்னல் பக்கம் மட்டும் கொஞ்சம் பாத்து செய்யுங்க" என்று மட்டும் கூறினார். "அவசியம் பார்த்துச் செய்கிறோம் ஐயா" என்று சொல்லி வந்தோம்.

தன் சுவரில் அண்டை வீட்டுக்காரர் ஒரு மரக்கட்டையைப் பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. இதைக் கட்டாயக் கடமை என்று இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் கருதினார்கள். பெரும்பான்மை அறிஞர்கள் இதை விரும்பத்தக்க நற்செயல் என்றார்கள். எந்தக் கருத்தை எடுத்துக்கொண்டாலும் திசை ஒன்றுதான்: நமது உரிமைக்கு உட்பட்ட இடத்திலும் அண்டை வீட்டாருக்கு ஒரு பங்கு விட்டுவைக்க வேண்டும். நமது சுவரில் அவர் கட்டையைப் பதிக்கவே இடம் தரச் சொல்லும் மார்க்கம், அவருடைய சன்னலின் வெளிச்சத்தை மறைப்பதை எப்படி விரும்பும்?

ஆகவே மரவேலி என்று முடிவு செய்தோம். அவருடைய சன்னலுக்கு எதிரே மட்டும் வேலி சன்னலின் அடிமட்டத்தோடு நிற்கும். மற்ற இடங்களில் ஐந்தடி உயரும். நமது வீட்டுத் துணி துவைக்கும் கல்லை வேறு மூலைக்கு மாற்றிக்கொண்டோம். மறைவும் கிடைத்தது, வெளிச்சமும் தங்கியது.

எல்லையை அறிதல்

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவருக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். வேலி போடுகிறவர் கேட்டிருந்தால் மட்டும் போதாது, அளந்தும் பார்க்க வேண்டும். "தாத்தா காலத்திலிருந்தே இதுதான் எல்லை" என்ற பேச்சு சான்றாகாது. 1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நில அளவை, எல்லைகள் பற்றிய சட்டம் நம் மாநிலத்தில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் நில அளவர் புலப்படத்தோடு வந்து அளந்து தருவார். நமது வீட்டில் அப்படி அளந்தபோது மண்ணுக்குள் புதைந்துகிடந்த எல்லைக் கல் வெளிப்பட்டது.

கல் கிடைத்த பிறகும் வேலியை அதன் மேல் நடவில்லை. அரை அடி உள்ளே தள்ளி நட்டோம். தடுக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்தின் ஓரத்திலேயே ஆடுகளை மேய்ப்பவர் உள்ளே நுழைந்துவிடக்கூடும் என்று நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி உவமை கூறுகிறது. எல்லைக் கோட்டிலேயே நிற்பதைவிடச் சற்று விலகி நிற்பது பேணுதல். அதில் நடைமுறைப் பயனும் உண்டு. பிற்காலத்தில் பலகைக்கு எண்ணெய் பூசவும் ஆணி முடுக்கவும் அடுத்தவர் மண்ணில் கால் வைக்க வேண்டியதில்லை.

கம்பமும் பலகையும்

நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் நின்று உரையாற்றிய மிம்பரும் ஒரு தச்சரின் கைவேலைதான். அத்தகைய கண்ணியமான தொழிலைச் செய்யும் ஆசாரி ஒருவரிடமிருந்து நாம் கற்றுக்கொண்டவை இவை.

மரத்தில் முதலில் பார்க்க வேண்டியது வைரம். நடுவிலுள்ள கருத்த வைரப்பகுதி உழைக்கும். சுற்றியுள்ள வெளிறு கரையானுக்கு உணவாகும். கம்பங்களுக்கு வைரம் பாய்ந்த கருவேலமரத்தைத் தேர்ந்தோம். அந்நாளில் மாட்டு வண்டிக்கும் ஏருக்கும் பயன்பட்ட மரம் அது. பலகைகளுக்குப் பழைய ஓட்டு வீடுகளைப் பிரித்த தேக்கு கிடைத்தது. பழைய மரம் நன்கு காய்ந்திருக்கும் என்பதால் பின்னர் சுருங்கி முறுக்கிக்கொள்ளாது. சவுக்குக் கழி மலிவுதான். ஆனால் மருந்து ஏற்றாத சவுக்கு மண்ணுக்குள் விரைவில் இற்றுவிடும்.

கம்பத்தின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். ஐந்தடி வேலிக்கு ஏழரை அடிக் கம்பம் என்பது கணக்கு. குழியின் அடியில் அரை அடிக்கு ஜல்லி கொட்டி அதன் மேல் கம்பத்தை நிறுத்தி, சுற்றிலும் கான்கிரீட் இட வேண்டும். கம்பத்தின் அடிமுனையைக் கான்கிரீட்டால் மூடிவிடக் கூடாது. மூடினால் இறங்கும் நீர் வடிய வழியின்றி உள்ளேயே தங்கி மரத்தை அழுகச் செய்யும். மேல்மட்டத்தில் கான்கிரீட்டைக் கம்பத்திலிருந்து வெளிப்புறமாகச் சரித்துவிட வேண்டும். மண்ணுக்குள் போகும் பகுதியை நெருப்பில் கருக்கித் தார் பூசினோம்.

முதலில் இரு மூலைக் கம்பங்களை நட்டு, தூக்குக்குண்டால் நேர் பார்த்து, அவற்றுக்கிடையே நூல் கட்டி மற்றவற்றை ஆறடிக்கு ஒன்றாக நிறுத்தினோம். மூன்று குறுக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் பலகைகள். பலகைகளை ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடித்தால் காற்று புகும், பார்வை நேராகப் புகாது. கருவேலம் கடினமானது, முன்கூட்டியே துளையிடாமல் திருகாணி ஏற்றினால் மரம் பிளந்துவிடும். துருப்பிடிக்காத நாகமுலாம் பூசிய திருகாணிகளையே பயன்படுத்த வேண்டும்.

பலகையின் அடி தரையிலிருந்து மூன்று அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். கரையான் ஏறுவதைக் கண்டுபிடிக்க இந்த இடைவெளி உதவும். நமக்கு இதில் இன்னொரு காரணமும் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்து நீர் நமது மண்ணில் விழுந்துதான் வடிகிறது. அதை அடைத்தால் நீர் அவருடைய சுவரடியில் தேங்கித் தறிக்குழிக்குள் ஊறும். குழியில் ஈரம் ஏறினால் பட்டும் சரிகையும் கெடும். அவருடைய மாதக் கூலியும் போகும். மூன்று அங்குல இடைவெளியும் ஒரு சிறு வாய்க்காலும் அதைத் தவிர்த்தன. இறுதியாக முந்திரிக்கொட்டை எண்ணெய் இரு முறை பூசினோம். கடலோரத்தில் படகுகளுக்குப் பூசும் எண்ணெய் அது. கையில் பட்டால் தோல் வெந்துவிடும். உறை அணிந்தே பூச வேண்டும்.

வாசல்

வேலி அசையாமல் நிற்கிறது. வாசல் கதவோ நாள்தோறும் ஆடுகிறது. முதலில் தளர்வது கதவுதான். அதன் இரு கம்பங்களை மட்டும் மூன்றடி ஆழத்தில் நட்டோம். நான்கடி அகலக் கதவுக்கு மூன்று கீல்கள். கதவு தொங்கிப்போகாமல் காப்பது சாய்வுச் சட்டம். அது கீல் பக்கத்து அடிமூலையில் தொடங்கி, தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்கு ஏற வேண்டும். அப்போது கதவின் பாரம் சட்டத்தின் வழியே இறங்கிக் கீழ்க் கீலில் அமரும். மாற்றி வைத்தால் பாரம் மூட்டுகளை இழுத்துப் பிரிக்கும். மழைக்காலத்தில் மரம் ஊதும் என்பதால் கதவுக்கும் கம்பத்துக்கும் இடையே அரை அங்குலம் விட வேண்டும்.

கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில் ஆசாரிக்கும் நமக்கும் சற்று விவாதம் நடந்தது. உள்ளே திறந்தால் முற்றத்தில் இடம் குறையும், வெளியே திறக்கட்டும் என்றார் அவர். ஆனால் நமது தெரு நெசவாளர்களின் தெரு. காலை வெயில் ஏறுமுன் பாவைத் தெருநெடுக இழுத்துக் கட்டி இழை பிரிப்பார்கள். பிள்ளைகள் அவசரத்தில் தள்ளும் கதவு அதில் பட்டால் ஒரு சேலையின் உழைப்பு ஒரு நொடியில் அறுந்துபோகும். பாதையைக் குறித்துப் பிணக்கு ஏற்பட்டால் ஏழு முழம் விட வேண்டும் என்றும், பாதையிலுள்ள இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றும் கற்பிக்கும் மதரஸாவின் கதவு பாதையில் நீட்டிக்கொண்டு நிற்கலாமா? கதவு உள்பக்கமே திறக்கிறது.

பக்கத்து வீட்டு முதியவர் தம் தறியில் நெய்த சேலையைச் சுற்றிவைக்கும் பழைய மரம் ஒன்றை எடுத்து வந்து, "இது நல்லா வைரம் பாஞ்சது பாய், கேட்டுக்கு வெச்சுக்குங்க" என்று கொடுத்தார். கதவின் நடுக் குறுக்குச் சட்டம் இப்போது அந்த மரம்தான். பல்லாண்டு பட்டு உரசி மெருகேறிய மரம் அது.

அந்த வாசலில் பிள்ளைகளுக்கு ஒரு பாடமும் நடக்கிறது. பிறர் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். மூன்று முறை கேட்டும் மறுமொழி இல்லையெனில் மனவருத்தமின்றித் திரும்ப வேண்டும். புத்தகத்தில் படித்ததை அந்தக் கதவின் முன் நின்று பழகுகிறார்கள்.

சகோதரர்களே, வேலி அமைக்க எண்ணுபவர்கள் மரக்கடைக்குச் செல்லும் முன் பக்கத்து வீட்டுக்குச் செல்லுங்கள். அவர் எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும் அண்டை வீட்டாரின் உரிமை அவருக்கும் உண்டு. ஸூரத்துல் கஹ்ஃபில் விழவிருந்த ஒரு சுவர் கூலியின்றி நிமிர்த்தப்பட்டது. அதன் பயன் இரு அநாதைச் சிறுவர்களைச் சென்றடைந்தது. நாம் எழுப்பும் ஒவ்வொரு சுவரும் வேலியும் யாருக்கு நிழலாகிறது, யாருக்கு இருளாகிறது என்று கேட்டுக்கொள்வது நமது பொறுப்பு. உறுதியான மரத்தையும் அதைவிட உறுதியான அண்டை உறவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.