கண்டித் தேநீரும் பனங்கட்டியும்

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைவீதியில் ஏறினால் சில கிலோமீற்றரில் தேயிலை நூதனசாலை வரும். 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அது. கைவிடப்பட்டுக் கிடந்ததைத் திருத்தி 2001இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். வவுனியாவிலிருந்து எமது சுயதொழில் குழுப் பெண்கள் பதினொரு பேர் பஸ் பிடித்துப் போயிருந்தோம். கொழுந்து உருட்டிய பழைய இயந்திரங்களைப் பார்த்து முடிக்கவே கால் உளைந்துவிட்டது.

இந்தக் கண்டி மாவட்டத்தில்தான் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அப்போது மலைநாடெங்கும் கோப்பி. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. சில ஆண்டுகளில் கோப்பி அழிய, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. டெயிலரின் பெயர் நிலைத்துவிட்டது. தமிழகத்திலிருந்து தோணியில் வந்து, எங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தவர்களின் பெயர்கள் யாருக்குத் தெரியும்? கொலராவும் பசியும் எத்தனையோ பேரை அந்தப் பாதையில் கொண்டுபோயின. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்த எமக்கு அது விளங்கும்.

பிரான்சில் வைனுக்கு அது விளைந்த ஊரின் பெயரையே வைக்கிறார்கள். சப்ளி என்ற ஊரின் வெள்ளை வைன் சற்றுப் புளிப்பானது, கடற்சிப்பியோடு பொருந்தும் என்பார்கள். (குடியால் எங்கள் வீடுகள் பட்டபாடு போதும். நான் சொல்ல வருவது பெயர் வைக்கும் முறையை மட்டும்தான்.) எமது தேயிலையும் அப்படியே. நுவரெலியாத் தேயிலை மெல்லிய சாயமும் மென்மையான மணமும் உள்ளது. அதைப் பால் விடாமல் குடிப்பதே நல்லது. கண்டித் தேயிலை சுமார் 2000 முதல் 4000 அடிவரையான உயரத்தில் விளைவது. செம்பு நிறச் சாயம், வாயில் கனதி. பால் விட்டாலும் சுவை நிற்கும்; துவர்ப்பு மட்டும் அடங்கும். அதனால் உளுந்து வடைக்கும், கட்டைச் சம்பலோடு தின்னும் தேங்காய் ரொட்டிக்கும் பால்தேநீர் நன்றாக ஒத்துவரும். வெறும் பிளேன்ரீக்கு ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி போதும், கடித்துக் கடித்துக் குடிக்கலாம்.

இறங்கி வரும்போது வீதியோரத்தில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓர் அக்கா ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போத்தலில் பிளேன்ரீ. நல்ல தேயிலையா என்று கேட்டேன்.

"நாங்க குடிக்கிறது தூளுதான் தங்கச்சி. நல்லதெல்லாம் கொழும்பு ஏலத்துக்குப் போயிரும்."

ஏலம் கொழும்பில் 1883இல் தொடங்கியது. தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுபவர்கள் கரண்டியில் உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிடுவார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நாள் முழுக்கக் கிள்ளுகிற கைக்கு 1000 ரூபா நாட்சம்பளம் 2021இல்தான் சட்டமாக வந்தது. அதற்கும் எத்தனை ஆண்டுப் போராட்டம்!

கித்துளின் பாளையைச் சீவிப் பதநீர் எடுத்து, காய்ச்சினால் பாணி. இன்னும் காய்ச்சினால் கருப்பட்டி. எங்கள் பனையின் கதையும் அதுவே. சீனி கலந்த போலிக் கருப்பட்டியும் சந்தையில் உண்டு என்பதால், கண்டியில் ஆட்கள் எந்த ஊர்க் கருப்பட்டி என்று கேட்டு வாங்குகிறார்கள். எங்கள் பனைகளில் எத்தனையோ ஷெல்லில் தலை இழந்தன, எத்தனையோ பங்கருக்குக் குற்றியாகப் போயின. மிஞ்சியதிலிருந்து வருகிற பனங்கட்டியை ஊர்ப் பெயரில்லாத பொலித்தீன் பையில் போட்டு ஏன் விற்கிறோம் என்று அங்கே நின்று யோசித்தேன். இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்ததே, அதுவும் ஊர்ப் பெயரின் பெறுமதிதான்.

என் பையில் ஓலைக் குட்டானில் கட்டிய பனங்கட்டி இருந்தது. அக்காவிடம் நீட்டினேன். ஓரத்தைக் கடித்து, பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்தார். கித்துளைவிடக் கொஞ்சம் காட்டமாக இருக்கிறது, தூள் தேத்தண்ணிக்கு இதுதான் சரி என்றார். பிறகு குட்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார்.