இரு வெள்ளியும் ஒரு கடனும்



நான்காம் ஆண்டுக் கணித வகுப்பில் நான் ஓயாமல் சொல்வது ஒன்றுண்டு: "அலகைப் பார்த்துக் கூட்டுங்கள். மீட்டரையும் கிலோகிராமையும் கூட்டலாகாது." பயிற்சிக் கழகத்தில் எனக்குக் கற்பித்த பாடம் அது. அதை என் வீட்டுக் கணக்கில் நானே மீறியிருந்தேன் என்பதை 2025ஆம் ஆண்டு இறுதியில்தான் உணர்ந்தேன்.

2013இல் கோலா கங்சாரில் உள்ள எங்கள் வீட்டுக் கூரை பழுதுபட்டது. சிங்கப்பூரில் பணிபுரியும் தம்பி 5,000 சிங்கை வெள்ளி கடனாகத் தந்தான். அப்போது ஒரு சிங்கை வெள்ளிக்கு 2.50 ரிங்கிட். கைக்கு வந்தது 12,500 ரிங்கிட்.

ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டிய அப்பா, மளிகைக் கடைக் கடனை 555 புத்தகத்தில் குறித்து வைத்துச் சம்பள நாளன்று அடைப்பார். அவர் வழியில் நானும், 'தம்பிக்கு 12,500' என்று குறிப்பேட்டில் எழுதினேன். 2017இல் அத்தொகையை முழுதாக அனுப்பிவிட்டு, 'தீர்ந்தது' என்று கோடிட்டேன்.

நம் பேச்சில் ரிங்கிட்டும் வெள்ளிதான், சிங்கப்பூர் டாலரும் வெள்ளிதான். 1973 மே மாதம் வரை இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாகவே மாற்றிக்கொள்ளப்பட்டன. பிறகு மதிப்பு பிரிந்தது. பெயர் மட்டும் பிரியவில்லை. என் குறிப்பேடும் அந்தப் பெயரிலேயே ஏமாந்தது.

அண்மையில், வரவு செலவைக் கணினியில் வெறும் உரைக்கோப்பாக எழுதும் முறையைக் கற்றுக்கொண்டேன். ஜான் வீக்லி 2003இல் உருவாக்கிய 'லெட்ஜர்' என்னும் மென்பொருளின் வழிவந்தது இது. ஒவ்வொரு பதிவின் கூட்டுத்தொகையும் சுழியமாக வேண்டும் என்பதே இதன் விதி. ஒரே பதிவில் இரு நாணயங்கள் வந்தால் என்ன செய்வது? கனடாவைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் பீட்டர் செலிங்கர் இதற்குத் தெளிவான விளக்கம் தந்துள்ளார். இடையில் ஒரு மாற்றுக் கணக்கை வைத்து, ஒவ்வொரு நாணயத்தையும் தனித்தனியே சுழியமாக்க வேண்டும்.

பழகிப் பார்க்கத் தம்பியின் கடனையே முதலில் பதிந்தேன்.

2013
கடன்:தம்பி −5,000 சிங்கை வெள்ளி
மாற்று 5,000 சிங்கை வெள்ளி
மாற்று −12,500 ரிங்கிட்
வங்கி 12,500 ரிங்கிட்

2017
வங்கி −12,500 ரிங்கிட்
மாற்று 12,500 ரிங்கிட்
மாற்று −4,000 சிங்கை வெள்ளி
கடன்:தம்பி 4,000 சிங்கை வெள்ளி

பணம் அனுப்பிய பழைய பற்றுச்சீட்டில் மாற்று விலை 3.125 என்றிருந்தது. ஆகவே தம்பியின் கையில் சேர்ந்தது 4,000 மட்டுமே. மாற்றுக் கணக்கில் ரிங்கிட் சுழியம். சிங்கை வெள்ளியில் 1,000 எஞ்சி நின்றது. கடனிலும் அதே 1,000. திரையைப் பார்த்தபடி வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.

அன்றிரவே தம்பியை அழைத்தேன்.

"விடுங்க அக்கா, அது எப்பவோ முடிஞ்சு போன கணக்கு."

"ரிங்கிட்டுல முடிஞ்சதுப்பா. உன் வெள்ளியில முடியல."

சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு மெல்லச் சொன்னான்: "அப்பவே தெரியும் அக்கா. உங்ககிட்ட எப்படிக் கேக்கறது?"

எட்டு ஆண்டுகள் அவன் அதை மனத்தில் வைத்திருந்தான். அக்காள் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை வேறு!

மறுவாரம் 3.20 விலையில் 1,000 சிங்கை வெள்ளி அனுப்பினேன். 3,200 ரிங்கிட் ஆனது. கடன் சுழியமாயிற்று. மாற்றுக் கணக்கில் சிங்கை வெள்ளியும் சுழியமாகி, 3,200 ரிங்கிட் மட்டும் நின்றது. நாணய மதிப்பு மாறியதால் எனக்கு நேர்ந்த முழு இழப்பு அதுவே. முன்பு அந்த இழப்பைத் தம்பி ஓசையின்றிச் சுமந்திருந்தான். இப்போது அது உரிய இடத்தில், என் பெயரில் இருக்கிறது.

சேமிப்புக்கும் இவ்வழி பொருந்தும். தங்கத்தைக் கிராமிலும் அறநிதிப் பங்குகளை அலகிலும் எழுதி வருகிறேன். வாங்கிய விலையும் விற்ற விலையும் மாற்றுக் கணக்கில் சந்திக்கும்போது ஆதாயமும் இழப்பும் தாமே தெரிந்துவிடும்.

பெற்றோர்களே, உறவுக்குள் கடன் வாங்க நேர்ந்தால் தொகையோடு நாணயத்தின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். கேட்கத் தயங்குபவர் நம் சொந்தத் தம்பியாகவும் இருக்கக்கூடும்.